பெஞ்சுக்கு ஆள் எடுப்பது எப்படி

வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை பக்கம் என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) பார்க்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சுற்று வட்டாரம் முழுக்க செவன்ஸ் ஃபுட்பாலும் வாலிபாலும்தான், மிச்ச நேரத்தில் கிரிக்கெட். இருந்தாலும் அந்தக் கொஞ்சப் பேர் வருஷா வருஷம் ஜூன் கடைசியில் ஆளுக்கு ஒரு டீமை எடுத்துக்கொண்டு டீமுக்கு ஆள் எடுக்கும் ஜெனரல் மேனேஜர் (ஜிஎம்) மாதிரி ஆட்டம் ஆடுகிறோம். சம்பளக் கணக்கு, விதிகள், ஃப்ரீ ஏஜென்ட் (ஒப்பந்தம் முடிந்து வேறு டீமுக்குப் போகக்கூடியவர்) பட்டியல் எல்லாம் நிஜம், டீம் மட்டும்தான் நம் கற்பனை. புதிதாகச் சேர்கிற தம்பிகள் எல்லாரும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். "ஸ்டார்ட்டர் அஞ்சு பேரைத் தொட மாட்டேண்ணா, பெஞ்சை மட்டும் சரி பண்ணிடறேன்" என்று சொல்லிவிட்டு (ஸ்டார்ட்டர் என்றால் மேட்சைத் தொடங்குகிறவர், பெஞ்ச் என்றால் மாற்று ஆட்கள்), போன சீசனில் நிறையப் பாயின்ட் போட்டு இப்போது டீம் இல்லாமல் இருப்பவர் யார் என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள். அது தலைகீழ் வழி. முதலில் நிமிஷத்தைக் கணக்குப் போடுங்கள், அப்புறம் பணத்தை, ஆளைக் கடைசியில் பாருங்கள்.

முதலில் நிமிஷம்

ஒரு மேட்ச் 48 நிமிஷம், கோர்ட்டில் ஐந்து பேர், மொத்தம் 240 நிமிஷம். ஸ்டார்ட்டர்கள் ஆளுக்கு 33 நிமிஷம் ஆடினால் 165 போய்விடும். மிச்சம் 75. நாலு பேர் பங்கு போட்டுக்கொண்டால் ஆளுக்குப் பதினெட்டு, பத்தொன்பது நிமிஷம் வரும். பிளேஆஃப் (கோப்பைக்கான கடைசிச் சுற்றுகள்) வந்துவிட்டால் இந்தக் கணக்கு மாறிவிடும். ஸ்டார்ட்டர்கள் 38, 40 நிமிஷம் என்று ஆடுவார்கள், மிச்சம் 40-லிருந்து 50 நிமிஷம்தான், அதை இரண்டு பேரோ மூன்று பேரோ ஆடி முடித்துவிடுவார்கள்.

ஆக, பெஞ்ச் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதில் இரண்டு வேலை இருக்கிறது. அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை 82 மேட்சை இழுத்துக்கொண்டு போக, யாருக்காவது கணுக்கால் பிசகினால் இறங்கி ஆட, சிலர் வேண்டும். மே மாதத்தில், எதிர் டீம் உங்கள் பலவீனத்தைப் படித்துவிட்டு வரும் நேரத்திலும் தாக்குப்பிடிக்க இரண்டு மூன்று பேர் வேண்டும். முதல் வகை, லீக் வைத்திருக்கும் மினிமம் சம்பளத்துக்கே கிடைக்கும். கையில் இருக்கிற நல்ல பணம் முழுக்க இரண்டாவது வகைக்குப் போக வேண்டும். அந்தப் பணத்தை நாலு பேருக்குச் சரிசமமாகப் பிரித்துக் கொடுத்தால் நாலு பேரும் ஏப்ரல் வரைதான் உதவுவார்கள்.

பெஞ்ச் ஐந்து பேர் மட்டும் சேர்ந்து ஆடப்போகிறார்கள் என்று நினைத்தும் ஆள் எடுக்காதீர்கள். இப்போது பெரும்பாலான கோச்சுகள் அப்படி ஆட விடுவதில்லை, ஸ்டார்ட்டர் ஒருவரையாவது கோர்ட்டில் வைத்திருப்பார்கள். அதனால் கேட்க வேண்டிய கேள்வி, நம் பெரிய ஆள் உட்காரும் அந்தப் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் எது காணாமல் போகிறது என்பதுதான். டென்வரைப் பாருங்கள். அவர்களுடைய ஸ்டார் யோகிச் 2024-25-ல் சராசரியாக 36, 37 நிமிஷம் ஆடினார். அவர் உட்கார்ந்ததும் பந்தை எங்கே கொடுப்பது என்றே தெரியாமல் மற்றவர்கள் திணறுவதைப் பல வருஷமாகப் பார்க்கிறோம். 2024-ல் அதற்கு டாரியோ சாரிச்சை 52 லட்சம் டாலருக்கு எடுத்தார்கள், அவர் அந்த சீசனில் ஆடியது 16 மேட்ச். 2025 கோடையில் அவரையே சாக்ரமென்டோவுக்குக் கொடுத்து வலன்சியூனாஸை வாங்கினார்கள். அது டிரேட் (டீம்கள் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வது), ஃப்ரீ ஏஜென்சி கணக்கில் வராது. ஆனால் ஓட்டை எங்கே என்று சரியாகப் பார்த்த பிறகு டிம் ஹார்டவே ஜூனியர், புரூஸ் பிரவுன் இரண்டு பேரையும் மினிமத்துக்கே கொண்டுவர முடிந்தது என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் கையில் எந்த நோட்டு இருக்கிறது

இங்கேதான் நம் பசங்க கொட்டாவி விடுவார்கள். ஆனால் பாதி சண்டை இங்கேதான் முடிகிறது. 2025-26 கணக்கை எடுத்துக்கொள்ளலாம். சேலரி கேப், அதாவது ஒரு டீமின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் போட்ட வரம்பு, 15.46 கோடி டாலர். அதிகச் செலவுக்கான லக்ஸரி டாக்ஸ் 18.79 கோடியில் தொடங்கும். அதற்கும் மேலே, தாண்டினால் கட்டுப்பாடு கூடும் இரண்டு கோடுகள்: முதல் ஏப்ரன் 19.59 கோடி, இரண்டாவது ஏப்ரன் 20.78 கோடி. உங்கள் டீம் இந்தக் கோடுகளில் எதற்கு மேலே, எதற்குக் கீழே நிற்கிறது என்பதை வைத்துத்தான் நீங்கள் எவ்வளவு கொடுக்க முடியும் என்பது முடிவாகும். டீம் முதலாளி எவ்வளவு பெரிய பணக்காரர் என்பது இங்கே எடுபடாது.

முதல் ஏப்ரனுக்குக் கீழே இருந்தால் முழு மிட்-லெவல் எக்ஸெப்ஷன் (கேப்பைத் தாண்டியும் ஆள் எடுக்க விடும் விலக்கு) உண்டு: முதல் வருஷம் 1.41 கோடி டாலர் வரை, ஒப்பந்தம் நாலு வருஷம் வரை. அதோடு பை-ஆனுவல் என்று 51 லட்சம் டாலர் ஒன்று, இதை அடுத்தடுத்த இரண்டு வருஷம் பயன்படுத்த முடியாது. முதல் ஏப்ரனைத் தாண்டி, இரண்டாவதற்குக் கீழே நின்றால் சின்ன மிட்-லெவல்தான்: சுமார் 57 லட்சம் டாலர், அதிகபட்சம் இரண்டு வருஷம். இரண்டாவதையும் தாண்டிவிட்டால் அதுவும் போச்சு, வெளி ஆட்களுக்கு மினிமம் மட்டும்தான் கொடுக்க முடியும். கேப்புக்கே கீழே போய் இடம் உண்டாக்கிய டீம்களுக்கு, அந்த இடம் தீர்ந்த பிறகு ரூம் எக்ஸெப்ஷன் 88 லட்சம் டாலர் வரை கிடைக்கும், மூன்று வருஷம் வரை எழுதலாம்.

ஒரு சிக்கல் இருக்கிறது, இதைப் படிக்காமல் விடாதீர்கள். முழு மிட்-லெவலைத் தொட்டீர்கள் என்றால் அந்த சீசன் முழுக்க முதல் ஏப்ரன் உங்களுக்கு இரும்புக் கூரை. பிப்ரவரியில் சென்டருக்குக் கை உடைந்து மாற்று ஆள் வேண்டும் என்றாலும் அந்தக் கோட்டை ஒரு டாலர் கூடத் தாண்ட முடியாது. சின்ன மிட்-லெவலுக்கு இரண்டாவது ஏப்ரன் கூரை. ஆகவே ஜூலையிலேயே கோடு வரை நிரப்பிவிடாமல், இன்னும் இரண்டு மினிமம் ஆட்களை எடுக்கும் அளவுக்காவது இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள்.

மினிமத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. பத்து வருஷத்துக்கு மேல் ஆடியவருக்கு மினிமம் சுமார் 36 லட்சம் டாலர், ஆனால் ஒரு வருஷ ஒப்பந்தமாக எழுதினால் உங்கள் கணக்கில் ஏறுவது சுமார் 23 லட்சம்தான், மிச்சத்தை லீக் கொடுத்துவிடும். வயதானவர் என்று டீம்கள் ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. இரண்டு வருஷம் எழுதினால் இந்தச் சலுகை கிடையாது. மூத்த ஆட்டக்காரர்கள் எல்லாரும் ஒரு வருஷம் ஒரு வருஷமாக ஊர் மாறிக்கொண்டே இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அடுத்த கோடையை இந்தக் கோடையிலேயே பாருங்கள்

பெஞ்ச் விஷயத்தில் டீம்கள் உண்மையில் ஏமாறும் இடம் இது. ஆளைக் கண்டுபிடிப்பதில் பெரிதாகத் தவறுவதில்லை, கண்டுபிடித்த ஆளைத் தக்கவைக்க முடியாமல் போவதுதான் வழக்கம்.

புரூஸ் பிரவுன் கதையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். 2022 கோடையில் டென்வர் அவரை வரி கட்டும் டீம்களுக்கான சின்ன எக்ஸெப்ஷனில், முதல் வருஷம் சுமார் 65 லட்சம் டாலருக்கு எடுத்தது. இரண்டாவது வருஷம் பிளேயர் ஆப்ஷன், அதாவது இருப்பதா போவதா என்பது அவர் இஷ்டம். அந்த சீசனில் பந்து கொண்டுபோவதிலிருந்து எதிர் டீமில் பந்து கொண்டுவரும் நல்ல ஆட்டக்காரரைக் கட்டுப்படுத்துவது வரை எல்லாம் செய்தார், 2023-ல் டென்வர் கோப்பை ஜெயித்தது. ஜூனில் அவர் ஆப்ஷனை உதறிவிட்டு வெளியே வந்தார். டென்வரில் ஒரே ஒரு வருஷம் ஆடியவர் என்பதால், கேப்பைத் தாண்டியிருந்த டென்வர் அவருக்குப் பழைய சம்பளத்தில் 120 சதவீதம் வரைதான் கொடுக்கலாம், அதாவது சுமார் 78 லட்சம். கேப்பில் இடம் வைத்திருந்த இண்டியானா முதல் வருஷத்துக்கே 2.2 கோடி என்று வந்தது. பேசவே ஒன்றும் இல்லை. டென்வர் முதலாளியே மனம் வைத்திருந்தாலும் கொடுத்திருக்க முடியாது. அவர் இடத்தை நிரப்ப ரெஜ்ஜி ஜாக்சனுக்கு 50 லட்சம் கொடுத்து, ஒரு வருஷம் கழித்து அவரைத் தள்ளிவிட டிராஃப்டில் (புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) மூன்று இரண்டாம் சுற்றுத் தேர்வு உரிமைகளைச் சார்லட்டுக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இங்கே செவன்ஸ் சீசனில் கிளப்காரர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்டக்காரர்களைக் காசு கொடுத்துக் கூட்டிவருவது தெரியும்தானே. இந்த வருஷம் கோலாக அடித்தவரை அடுத்த வருஷம் பக்கத்து ஊர் கிளப் கூடுதல் காசு காட்டிக் கூட்டிக்கொண்டு போனால் யாரும் ஒன்றும் கேட்க முடியாது. என்பிஏவில் ஒரு வருஷ ஒப்பந்தம் ஏறக்குறைய அந்த நிலைமைதான். ஆனால் வருஷம் கூடக்கூட உங்களுக்கு உரிமை வளரும். இரண்டு வருஷம் ஆனால் எர்லி பர்ட் என்ற உரிமை: பழைய சம்பளத்தில் 175 சதவீதம் அல்லது லீக் சராசரியை ஒட்டிய ஒரு தொகை, இரண்டில் எது அதிகமோ அது வரை கொடுக்கலாம். மூன்று வருஷம் ஆனால் முழு பர்ட் உரிமை, கேப்பைத் தாண்டியும் அவருக்கு விதி அனுமதிக்கும் அதிகபட்சச் சம்பளம் வரை போகலாம்.

இரண்டு வருஷம் போதாது என்பதற்கு ஹார்ட்டன்ஸ்டைன். நியூயார்க் 2022-ல் இரண்டு வருஷம் 1.6 கோடி டாலருக்கு எடுத்தது. அவர் ஸ்டார்ட்டராகவே வளர்ந்துவிட்டார். 2024-ல் நியூயார்க் எர்லி பர்ட் கூரையில் முட்டிக்கொண்டு நின்றது, ஓக்லஹோமா சிட்டி மூன்று வருஷத்துக்கு 8.7 கோடி கொடுத்துக் கூட்டிக்கொண்டு போய் மறு வருஷமே கோப்பை வாங்கியது. மூன்றாவது ஒரு வருஷத்தை அன்றைக்கே ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் 2024 கோடையில் அவர் சந்தைக்கே வந்திருக்க மாட்டார்.

அதனால் என் வழி இது. முழு மிட்-லெவல் கையில் இருந்தால், சம்பளத்தில் பத்து லட்சம் கூடக் கொடுத்தாவது மூன்றாவது வருஷத்தை வாங்குங்கள், முடிந்தால் அதை டீம் ஆப்ஷனாக, அதாவது வைத்துக்கொள்வதா விடுவதா என்பது உங்கள் இஷ்டமாக. ஏஜென்ட் பிளேயர் ஆப்ஷன் கேட்பார், அங்கேதான் பேரம். இருபத்தாறு, இருபத்தேழு வயதில் இன்னும் வளரக்கூடியவருக்கு பிளேயர் ஆப்ஷன் கொடுப்பது, நன்றாக ஆடினால் போய்விடு, மோசமாக ஆடினால் என்னிடமே இரு என்று எழுதிக் கொடுப்பது மாதிரி. முப்பத்துமூன்று வயதுக்காரருக்கு ஒரு வருஷமே போதும், அவரிடம் மூன்றாவது வருஷத்தைக் கேட்டு வாங்கினால் அது உங்கள் தலையில்தான் விழும்.

சொந்த வீட்டு ஆளை மறக்காதீர்கள். மினசோட்டாவின் நாஸ் ரீட் 2019-ல் டிராஃப்டில் யாரும் எடுக்காமல் விட்ட ஆள், 2024-ல் சிறந்த பெஞ்ச் ஆளுக்கான சிக்ஸ்த் மேன் விருது வாங்கினார், 2025-ல் ஐந்து வருஷம் 12.5 கோடி டாலர். பர்ட் உரிமை இருந்ததால் கேப்பைத் தாண்டி நின்ற மினசோட்டாவால் அதைக் கொடுக்க முடிந்தது. ஆனால் அதே கோடையில் நிகீல் அலெக்சாண்டர்-வாக்கர் அட்லாண்டாவுக்குப் போய்விட்டார். ஏப்ரன் விதிகள் வந்த பிறகு நல்ல பெஞ்ச் ஆட்கள் இரண்டு பேரை ஒரே கோடையில் கட்டிவைப்பது கஷ்டம். யாரை விடப்போகிறோம் என்று ஜூனிலேயே முடிவு செய்துவிட்டால், அவர் இடத்துக்கு ஆள் தேட நேரம் இருக்கும்.

ஆளைப் பார்ப்பது

பாயின்ட் சராசரியைப் பார்த்து எடுக்காதீர்கள் என்று சொன்னேன். சிக்ஸ்த் மேன் விருது பெரும்பாலும் பாயின்ட் போடுகிறவர்களுக்குத்தான் போகிறது, ஜமால் க்ராஃபர்டும் லூ வில்லியம்ஸும் ஆளுக்கு மூன்று தடவை வாங்கியிருக்கிறார்கள். ரசிக்க அருமையான ஆட்டம். ஆனால் அந்த மாதிரி ஆளுக்குப் பந்து கையில் வேண்டும். உங்கள் ஸ்டார்ட்டர்களில் ஏற்கெனவே பந்து கேட்கிறவர் இரண்டு பேர் இருந்தால் மூன்றாவதாக இவர் எதற்கு? 2015-ல் ஃபைனல்ஸின் சிறந்த ஆட்டக்காரர் விருது (எம்விபி) வாங்கிய கோல்டன் ஸ்டேட்டின் இகுடாலா அந்த ரெகுலர் சீசன் முழுக்க பெஞ்சிலிருந்து வந்தவர், அதில் பத்துப் பாயின்ட் கூடச் சராசரி கிடையாது. யார் பக்கத்தில் நிறுத்தினாலும் ஆட்டம் கெடாமல் ஓடும், அதற்காகத்தான் அவர்.

வீடியோ பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு அந்த ஆளை மட்டும் பாருங்கள். இரண்டாம் குவார்ட்டரின் முதல் ஐந்து நிமிஷம் நல்லது, அப்போதுதான் பெஞ்ச் ஆட்கள் கோர்ட்டில் இருப்பார்கள். கூட ஆடுகிறவர் ரிங்கை நோக்கி ஓடும்போது, இவர் டிஃபெண்டரின் பார்வையிலிருந்து நழுவி மூலைக்குப் போகிறாரா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாரா? பந்து வந்ததும் சட்டென்று ஷூட், பாஸ், டிரைவ் என்று ஏதாவது ஒன்றைச் செய்கிறாரா, இல்லை பந்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு யோசிக்கிறாரா? ஷூட்டரை மறிக்க ஓடும்போது கடைசி இரண்டு மூன்று அடியைச் சின்னதாக வைத்து வேகத்தைக் குறைத்துக் கையைத் தூக்குகிறாரா, பறந்து போய் அவரைத் தாண்டி விழுகிறாரா? பறப்பவருக்குக் கைதட்டல் கிடைக்கும், எதிராளி பந்தை ஒரு தடவை தட்டி உள்ளே போய்விடுவான்.

பிளேஆஃபில் எதிர் டீம் செய்யும் முதல் வேலை, உங்கள் ஐந்து பேரில் டிஃபென்ஸ் மோசமான ஆள் யாரைக் காவல் காக்கிறாரோ அவரையே கூப்பிட்டு ஸ்கிரீன் போட (குறுக்கே நின்று காவலரை மறிக்க) வைப்பது. ஸ்விட்ச் ஆனதும், அதாவது காவல் ஆள் மாறியதும், உங்கள் பலவீனமான ஆள் அவர்களுடைய ஸ்டார் முன்னால் தனியாக நிற்பார். அந்த இடத்தில் ஓரளவு சமாளிக்க முடியாதவர் எவ்வளவு நல்ல ஷூட்டராக இருந்தாலும் மே மாதத்தில் உட்கார்ந்துதான் இருக்க வேண்டும். ஆகவே அவருக்கு மினிமத்துக்கு மேல் ஒரு காசு வேண்டாம்.

த்ரீ (மூன்று பாயின்ட் ஷாட்) சதவீதத்தைப் பார்க்கும்போது எத்தனை பந்து என்பதையும் பாருங்கள். ஒரு பெஞ்ச் ஆள் சீசனுக்கு 150 த்ரீ போடுகிறார் என்று வையுங்கள். 40 சதவீதம் என்றால் 60 பந்து உள்ளே, 35 என்றால் 52 அல்லது 53. வித்தியாசம் ஏழெட்டுப் பந்துதான், ரிங்கில் பட்டு எந்தப் பக்கம் விழுந்தது என்பதே இதை முடிவு செய்துவிடும். மூன்று நாலு வருஷத்தைக் கூட்டிப் பாருங்கள், ஃபவுலுக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவின் சதவீதத்தையும் பக்கத்தில் வையுங்கள். ஃப்ரீ த்ரோவில் 65 போட்டுக்கொண்டு த்ரீயில் ஒரே ஒரு சீசன் 40 தொட்டவரை நான் தொட மாட்டேன். எங்கிருந்து போடுகிறார் என்பதும் முக்கியம். மூலையில் கோடு 22 அடி தூரம், நேரே 23 அடி 9 அங்குலம். மூலையில் மட்டும் போடுகிறவர் நல்ல பாஸர் இருக்கும் டீமில் ஜொலிப்பார், பாஸர் இல்லாத டீமுக்கு வந்தால் பந்தே அவரிடம் வராது.

போன வருஷம் கோபாலபுரத்துத் தம்பி ஒருவன் கேட்டான்: "ஏனுங்ணா, பதினெட்டுப் பாயின்ட் போட்டவன் மினிமத்துக்கு வர்றான்னா எடுத்துக்கலாமில்ல?" அவன் ஏன் மினிமத்துக்கு ஒத்துக்கொண்டான் என்று முதலில் பார் என்றேன். முப்பது டீம் பார்த்துவிட்டு வேண்டாம் என்ற ஒன்றை நீங்கள் மட்டும் மலிவு என்று நினைத்தால், மற்றவர்களுக்குத் தெரிந்தது எது என்று தேடிப் பார்ப்பது நல்லது. காயமா, டிஃபென்ஸா, இல்லை நிஜமாகவே ஒரு வருஷம் தன்னை நிரூபித்துக்கொள்ள நல்ல டீம் தேடுகிறாரா? மூன்றாவது என்றால் உடனே பிடியுங்கள். 2021-ல் கோல்டன் ஸ்டேட் ஓட்டோ போர்ட்டரையும் பியெலிட்சாவையும் அப்படித்தான் மினிமத்துக்கு எடுத்தது. இரண்டு பேருமே பாஸ் தெரிந்த, இடம் விட்டு நிற்கத் தெரிந்த ஆட்கள், ஸ்டார் ஷூட்டர் ஸ்டெஃப் கரியைச் சுற்றி ஓடும் அந்த ஆட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. 2022-ல் கோப்பை. 2023-ல் ஃபீனிக்ஸும் டுரான்ட், புக்கர், பீல் மூன்று பேருக்கும் பெரும்பணத்தைக் கொடுத்துவிட்டு முதல் நாளே மினிமம் ஆட்களை வரிசையாக அள்ளியது, அன்றைக்கு எல்லாரும் ஆகா என்றார்கள். அடுத்த ஏப்ரலில் பிளேஆஃபில் மினசோட்டா 4-0 என்று அனுப்பி வைத்தது. அள்ளியதில் பெயர் இருந்தது. அந்த மூன்று பேருக்குப் பந்து கொண்டுபோய்க் கொடுக்க ஒரு பாயின்ட் கார்டு இல்லை.

எப்போது பேசுவது

உங்கள் சொந்த ஃப்ரீ ஏஜென்ட்களோடு ஃபைனல்ஸ் முடிந்த மறுநாளே பேசலாம், 2024-லிருந்து இந்த வசதி இருக்கிறது. வெளி ஆட்களுக்கு ஜூன் 30 மாலை ஆறு மணி, நியூயார்க் நேரம். நமக்கு ஜூலை 1 விடிகாலை மூன்றரை. எங்கள் பக்கம் அது மழைக்காலம், கரண்ட் போகும், போன் ஒரு நேரம் கேரளா டவர், ஒரு நேரம் தமிழ்நாடு டவர் என்று மாறிக்கொண்டிருக்கும், அதனால் ஆட்டத்தில் இருப்பவர்கள் பட்டியலை முன்னாடியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மிட்-லெவல் வைத்திருந்தால் முதல் இரண்டு நாளில் செலவழித்துவிட வேண்டும், அந்த விலைக்குத் தகுந்த நல்ல விங் டிஃபெண்டர்கள் அதற்குள் தீர்ந்துவிடுவார்கள். மினிமம் மட்டும்தான் என்றால் அவசரமே வேண்டாம். பத்து நாள் கழித்து, மற்ற டீம்களின் பணம் காலியான பிறகு, ஐம்பது லட்சம் எதிர்பார்த்துக்கொண்டிருந்தவர் மினிமத்துக்கு இறங்கி வருவார். அப்போது அவருக்கு நீங்கள் காட்டக்கூடியது பணம் இல்லை, நிமிஷம். எங்களிடம் தினமும் பதினெட்டு நிமிஷம் உண்டு, அடுத்த கோடையில் பெரிய ஒப்பந்தம் வாங்கலாம் என்று சொல்ல முடிகிற டீம்தான் ஜெயிக்கும். ஆரம்பத்தில் போட்ட நிமிஷக் கணக்கு இங்கே பேரத்துக்கே உதவும்.

ரெஸ்ட்ரிக்டட் ஃப்ரீ ஏஜென்ட்கள் (வேறு டீம் தரும் தொகையைத் தானே தந்து பழைய டீம் வைத்துக்கொள்ளக்கூடியவர்கள்) பக்கம் பெஞ்சுக்காகப் போகாதீர்கள். ஆஃபர் ஷீட் (அவருக்கு நீங்கள் எழுதும் ஒப்பந்தம்) கொடுத்தால் பழைய டீம் அதே தொகையைத் தருவதா வேண்டாமா என்று முடிவு சொல்லும் வரை உங்கள் பணம் முடங்கிக் கிடக்கும், அதற்குள் இரண்டாவது, மூன்றாவது பெயர்கள் போய்விடும்.

டீமில் இருக்கும் பதினைந்து இடத்தையும் நிரப்பிவிட வேண்டாம், பதினாலோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் டூ-வே (கீழ்நிலை லீக்கிலும் இங்கேயும் மாறி மாறி ஆடுகிறவர்) இடம் மூன்று இருக்கிறது, ஆளுக்கு 50 மேட்ச் வரை ஆட வைக்கலாம், பிளேஆஃபில் ஆட வேண்டும் என்றால் மட்டும் முழு ஒப்பந்தமாக மாற்ற வேண்டும். அந்தக் காலி இடம் பிப்ரவரியில், மோசமான டீம்கள் மூத்த ஆட்களைக் காசு கொடுத்து விடுவிக்கும்போது உதவும். மார்ச் 1-க்குள் விடுவிக்கப்பட்டவர் மட்டும்தான் புது டீமுக்குப் பிளேஆஃப் ஆட முடியும். நீங்கள் முதல் ஏப்ரனைத் தாண்டியிருந்தால் ஒரு தடை இருக்கிறது: விடுவிக்கப்படும் முன் முழு மிட்-லெவலைவிட அதிகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவரை எடுக்க முடியாது. அதனால் பட்டியல் போடும்போது பெயருக்குப் பக்கத்தில் அவருடைய இந்த வருஷச் சம்பளத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.